அன்றாட வாழ்வில் சமுதாயத் தொண்டு: வாரத்திற்கு இரண்டு மணி நேரம்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் அணியும் சின்னத்தில் கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச் சக்கரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் எட்டுச் சாமங்களை, அதாவது இருபத்துநான்கு மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்நேரமும் தொண்டுக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் திட்டத்தின் விதிகள் மாணவரிடம் எதிர்பார்ப்பது ஆண்டுக்கு 120 மணி நேரமே; இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரமும், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும். சின்னம் உணர்த்தும் இலட்சியத்திற்கும் விதி கேட்கும் அளவிற்கும் இடையே உள்ள தொலைவைக் கண்டு நகைப்பாரும் உண்டு. உண்மையில் இவ்விரண்டில் விதியே நடைமுறை அறிந்தது. 120 மணி நேரத்தை 52 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்திற்கு ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் வரும். பிழைப்புக்கும் படிப்புக்கும் குடும்பத்திற்கும் ஊறு நேராமல் ஒருவர் பல ஆண்டுகள் தொடர்ந்து தரக்கூடிய அளவு அது. சமுதாயத் தொண்டு அன்றாட வாழ்வின் பகுதியாக வேரூன்றுவதும், ஆண்டுக்கொரு முறை நடக்கும் விழாவாக முடிவதும் பெரும்பாலும் இந்த நேரம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

உழைப்புக் கொடை தந்த படிப்பினை

சுதந்திர இந்தியாவில் மக்களின் தன்னார்வ உழைப்பைத் திட்டமிட்ட வளர்ச்சியோடு இணைக்கும் முதல் பெருமுயற்சி 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டமாகும். முதலில் 55 திட்டப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழ 300 கிராமங்களும் 2 லட்சம் மக்களும் அடங்கினர். அரசு தரும் பணத்தோடு ஊர் மக்கள் உழைப்பையும் பொருளையும் சேர்த்துத் தருவர் என்பதே திட்டத்தின் அடிப்படை எதிர்பார்ப்பு. 'சிரமதானம்' என்ற சொல் நாடெங்கும் பரவியது. சாலைகள் போடப்பட்டன, கிணறுகள் தூர் வாரப்பட்டன, பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. வெட்டிய மண்ணின் அளவும் அதன் ரூபாய் மதிப்பும் அறிக்கைகளில் இடம்பெற்றன.

ஐந்தாண்டுகளுக்குப் பின் பல்வந்த்ராய் மேத்தா குழு இத்திட்டத்தை ஆராய்ந்து 1957 நவம்பரில் அறிக்கை அளித்தது. மக்களின் சொந்த முனைப்பைத் தூண்டுவதில் திட்டம் வெற்றி பெறவில்லை என்பது குழுவின் முக்கிய முடிவுகளில் ஒன்று. பொறுப்பும் அதிகாரமும் ஊரார் கையில் இல்லாதவரை அவர்களது பங்கேற்பு நிலைக்காது என்று குழு கருதியது. மூன்றடுக்கு ஊராட்சி முறை அந்தப் பரிந்துரையிலிருந்தே பிறந்தது.

இதில் பொருளாதார நோக்கில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. சமூகவியல் அறிஞர் எஸ்.சி. தூபே 1958இல் வெளியிட்ட ஆய்வு நூலில், சிரமதானத்தை ஊரின் மேல்தட்டினர் ஒரு விதமாகவும் அடித்தட்டினர் வேறு விதமாகவும் நோக்கியதை எடுத்துக்காட்டினார். சாலை சீரானதால் வண்டியும் விளைபொருளும் உடையவர் பயன் பெற்றனர். முன்னின்று நடத்திய பெருமையும் அவர்களையே சேர்ந்தது. மண் சுமந்தவர்களில் பலர் நிலமற்ற கூலிகள். அவர்களுக்கு அது பழைய வெட்டிவேலையின் புதிய வடிவமாகத் தோன்றியது. நிலக்கிழாரின் ஒரு நாள் உழைப்பு அவரது ஓய்விலிருந்து செல்கிறது. தினக்கூலியின் ஒரு நாள் உழைப்போ அவர் வீட்டு உலையிலிருந்து செல்கிறது. இரண்டையும் 'ஓர் ஆள் நாள்' என்று ஒரே பத்தியில் எழுதிக் கூட்டிய கணக்கு, கூட்டல் பிழையில்லாத பிழையான கணக்கு. யார் தருகிறார், யார் பெறுகிறார் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுத் தொண்டைப் போற்றுவது எளிது. ஆனால் அத்தகைய தொண்டு ஊரார் மனத்தில் தங்குவதில்லை.

மாணவர் தொண்டு பற்றிய நெடிய விவாதம்

மாணவரைத் தேசத் தொண்டில் ஈடுபடுத்தும் எண்ணமும் இதே காலத்தில் வளர்ந்தது. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, பள்ளிப்படிப்பு முடிந்து கல்லூரியில் சேருமுன் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயத் தேசத் தொண்டு ஆற்ற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. செலவும் நிர்வாகச் சிக்கலும் கருதி அது ஏற்கப்படவில்லை. பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி. சையிதைன், தன்விருப்ப அடிப்படையே தகும் என்றார். கோத்தாரி கல்விக் குழுவும் (1964-66) கல்வியின் எல்லா நிலைகளிலும் சமூகத் தொண்டு இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்தியது. இறுதியில் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் 37 பல்கலைக்கழகங்களும் 40,000 மாணவரும் அதில் சேர்ந்தனர்.

திட்டத்தில் வாரந்தோறும் நடக்கும் வழக்கமான பணி, சிறப்பு முகாம் என இரு கூறுகள் உள்ளன. வழக்கமான பணியே உடல். முகாம் அதன் அணிகலன். காலப்போக்கில் பல இடங்களில் அணிகலனே உடலாகிவிட்டது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. முகாமுக்குத் தொடக்க விழாவும் நிறைவு விழாவும் உண்டு. தலைமை விருந்தினர் உண்டு. எண்ணிக் காட்டத்தக்க மரக்கன்றுகள் உண்டு. ஒரு முதியவருக்கு வாரந்தோறும் செய்தித்தாள் படித்துக் காட்டுவதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது.

முப்பத்தைந்து நாள் கணக்கு

விழாவாக நடக்கும் தொண்டுக்கும் வழக்கமாக நடக்கும் தொண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரத்த தானம் தெளிவாகக் காட்டுகிறது. விலைக்கு இரத்தம் தருவோரிடமிருந்து பெறும் முறைக்கு முற்றுப்புள்ளி வைக்குமாறு உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் அம்முறை தடை செய்யப்பட்டது. அன்று தொட்டு நாட்டின் இரத்தத் தேவை முழுவதும் உறவினரின் கொடையையும் தன்னார்வக் கொடையையுமே நம்பி நிற்கிறது.

முழு இரத்தத்தைப் பொதுவாக 35 நாட்களே சேமித்து வைக்க இயலும். தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஒரு தலைவரின் பிறந்தநாளில் ஒரே ஊரில் ஆயிரம் பேர் கொடை அளித்தால், அடுத்த ஐந்து வாரங்களில் செலவாகாத அளவு வீணாகும். கல்லூரிகள் மூடியிருக்கும் கோடைக்காலத்திலோ இரத்த வங்கிகளில் இருப்புக் குறைந்து, நோயாளியின் உறவினர் அலைய நேரிடும். தலசீமியா நோயுள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அக்குழந்தையின் நாட்காட்டியில் தலைவர்களின் பிறந்தநாட்கள் இல்லை. ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்தம் அளிக்கலாம். ஆகவே ஆயிரம் பேர் ஒரே நாளில் வருவதைவிட, மாதந்தோறும் நூறு பேர் முறை வைத்துக்கொண்டு வருவது நோயாளிக்குப் பன்மடங்கு பயனுடையது. கொடையாளரின் மனநிறைவு இரு வகையிலும் ஒன்றாகவே இருக்கலாம். பயன் ஒன்றாக இராது.

கோழிக்கோட்டில் தொடங்கிய முறை

இரத்த தானத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் காண்பதில்லை. இருவரும் நேருக்கு நேர் சந்திக்கும் தொண்டில் முறைமை இன்னும் கடினமானது. அதை வாரத்திற்கு இரண்டு மணி நேரம் என்ற சிறிய அளவில் நிறுவிக் காட்டிய முயற்சியாகக் கேரளத்தின் நோய்தணிப்புச் சிகிச்சை இயக்கத்தைக் குறிப்பிடலாம்.

நோய்தணிப்புச் சிகிச்சை என்பது, முற்றிலும் குணப்படுத்த இயலாத நோயுற்றோரின் வலியையும் பிற துன்பங்களையும் குறைத்து, எஞ்சிய வாழ்நாளை மதிப்போடு கழிக்கத் துணைபுரிவதாகும். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோரின் முயற்சியால் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் இதற்கெனச் சங்கம் ஒன்று தோன்றியது. புற்றுநோயாளிகளுக்கான புறநோயாளர் பிரிவாகவே பணி தொடங்கிற்று. சில ஆண்டுகளில் ஓர் உண்மை புலப்பட்டது: மிகவும் துன்புறுவோர் மருத்துவமனைக்கு வரும் நிலையில் இல்லை. படுக்கையிலிருந்து எழ முடியாதவரை வண்டி பிடித்துப் பல கிலோமீட்டர் கொண்டுவருவது அவருக்கு வேதனை, குடும்பத்திற்குக் கடன்.

மருத்துவக் குழு வீடு தேடிச் சென்றாலும் நிலைமை முழுவதும் மாறிவிடாது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உள்ளது. செவிலியர் வந்து ஒரு மணி நேரம் இருந்தால், மீதி 167 மணி நேரமும் நோயாளி குடும்பத்தாரின் பொறுப்பிலேயே இருக்கிறார். படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் உண்டாகும். இரவும் பகலும் இதைச் செய்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணே. அவர் வேலைக்குச் செல்ல இயலாது. கடைக்குச் செல்வதற்கும் மாற்றாள் இல்லை. நோய் ஒருவருக்கு, வருமானம் இழப்பது வீடு முழுவதும், பள்ளியிலிருந்து நிற்பது மூத்த பிள்ளை. இவற்றுள் எதுவும் மருந்துச் சீட்டில் எழுதக்கூடிய குறையன்று.

இந்நிலையில்தான், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மலப்புறம் உள்ளிட்ட வட கேரள மாவட்டங்களில் அண்டை அயலார் வலையமைப்பு உருவாக்கப்பட்டது. தம் பகுதியில் உள்ள நோயாளிகளுக்காக வாரத்திற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் எவரும் இதில் சேரலாம். சேர்ந்தவுடன் நோயாளியின் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. 16 மணி நேர வகுப்பும், மேற்பார்வையின் கீழ் நான்கு நாள் களப்பயிற்சியும், முடிவில் ஒரு மதிப்பீடும் உண்டு. பயிற்சி பெற்றோர் பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட குழுக்களாக அமைந்து, தம் பகுதியில் நெடுநோயுற்றோர் யார், அவர்களுக்கு வேண்டுவது என்ன என்று கண்டறிகின்றனர். பள்ளி ஆசிரியர், கடைக்காரர், ஓட்டுநர், இல்லத்தரசி, மாணவர் எனப் பல திறத்தினரும் இக்குழுக்களில் இடம்பெற்றனர்.

தொண்டர் செய்யும் பணிகள் பெரியனவாகத் தோன்றா. புண்ணைக் கட்டக் கற்றுக்கொடுத்தல், நோயாளியைக் குளிப்பாட்டத் துணை நிற்றல், மருந்து தீருமுன் செவிலியருக்குத் தெரிவித்தல், அடுப்பெரியாத வீட்டுக்கு அரிசி சேர்ப்பித்தல், பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்தல், சில வேளைகளில் வெறுமனே அமர்ந்து பேச்சைக் கேட்டல். பயிற்சியில் பெரும்பகுதி இந்தக் கேட்கும் கலைக்கே செலவாவதில் வியப்பில்லை. நோயுற்றவரைக் கண்டதும் அறிவுரை கூறும் பழக்கம் நல்லெண்ணமுடையோரிடத்திலேயே மிகுதி. கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல் அதைவிடக் கடினமான பாடம். தொண்டரும் நோயாளியும் ஒரே தெருவில் வசிப்பவர்கள் அல்லவா?

செலவுக்கான பணமும் பெரும்பாலும் ஊரிலேயே திரட்டப்பட்டது. கடைகளில் வைத்த உண்டியல்கள், மாணவர் சேர்த்த சில்லறை, தொழிலாளர் தந்த சிறு தொகைகள் ஆகியவை சேர்ந்து வாகன வாடகையும் மருந்துச் செலவும் ஆயின. பெருங்கொடையாளர் ஒருவரை நம்பியிருந்தால் அவர் விலகிய நாளில் பணி நின்றிருக்கும். பல்லாயிரம் பேர் சிறு தொகை தரும்போது, பணம் மட்டுமன்றிப் பொறுப்பும் ஊரில் பரவுகிறது. நிதியை நிர்வகிப்போரைக் கேள்வி கேட்கும் உரிமையும் பரவுகிறது. மேத்தா குழு 1957இல் தேடிய முனைப்பின் ஒரு வடிவம் இது.

புற்றுநோயில் தொடங்கிய பணி காலப்போக்கில் பக்கவாதம், தண்டுவடக் காயம், சிறுநீரகக் கோளாறு, முதுமைத் தளர்ச்சி எனப் பிற நெடுநோய்களுக்கும் விரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6 விழுக்காடு. இளைஞர் வேலை தேடி வெளிநாடு சென்ற வீடுகள் மிகுந்த மாநிலத்தில் இத்தகைய அமைப்பின் தேவை முதலில் உணரப்பட்டது இயல்பே. பிற மாநிலங்களும் அதே வயதுநிலையை நோக்கிச் செல்கின்றன.

அரசின் கடமையும் தொண்டரின் பங்கும்

தன்னார்வத் தொண்டைப் பாராட்டும் அறிக்கைகளில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. ஊதியம் தந்து செய்ய வேண்டிய பணியை ஊதியமின்றிச் செய்விக்க அது சாக்காகிவிடலாம். தொண்டர் செவிலியருக்கு மாற்றாகார். கடும் வலிக்கு உரிய மருந்தான மார்ஃபினை எழுதித்தர மருத்துவர் வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் உரிம நடைமுறைகளால் அம்மருந்து நோயாளிகளுக்கே கிட்டாத நிலை நெடுங்காலம் நிலவியது. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பின்னரே நடைமுறை எளிதாக்கப்பட்டது. எத்தனை ஆயிரம் தொண்டர் கூடினாலும் தம் அன்பினால் இத்தடையை நீக்கியிருக்க முடியாது.

கேரள அரசு 2008 ஏப்ரலில் நோய்தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் இதுவே முதலாவது. அதன் பின் உள்ளாட்சி அமைப்புகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வீட்டுப் பராமரிப்பில் பங்கேற்றன. பயிற்சி பெற்ற செவிலியர் ஊதியத்தோடு அமர்த்தப்பட்டனர். மத்திய அரசின் தேசிய நோய்தணிப்புச் சிகிச்சைத் திட்டம் 2012இல் வந்தது. அரசு நுழைந்தால் தொண்டர் விலகுவர் என்ற அச்சம் எழுந்ததுண்டு. அது முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. 'பார்த்துக்கொள்ள நர்ஸ் இருக்கிறார்' என்ற எண்ணம் தோன்றிய இடத்தில் அண்டை வீட்டார் வருகை குறையக்கூடும். ஆயினும் செவிலியர் இல்லாத ஊரில் தொண்டர் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். செவிலியர் தம் பணியைச் செய்து முடித்துச் சென்ற பிறகு எஞ்சும் 167 மணி நேரமே தொண்டரின் களம்.

இந்தக் களத்தின் சுமை யார் மீது விழுகிறது என்பதும் எண்ணத்தக்கது. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஒரு நாளில் ஈடுபடும் பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபடுவோர் செலவிடும் நேரம் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். தன்னார்வப் பணியும் அதையொத்த ஊதியமில்லாப் பணிகளும் செய்வோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. வீட்டில் ஐந்து மணி நேரம் உழைக்கும் பெண்ணிடமே ஊர்த்தொண்டுக்கும் நேரம் கேட்பது நியாயமாகாது. அவரை வாரத்தில் இரண்டு மணி நேரம் நோயாளியின் பக்கத்திலிருந்து விடுவிப்பதே ஒரு தொண்டு. அதைச் செய்ய ஆண்கள் முன்வருவதற்குத் தடையேதும் இல்லை, பழக்கத்தைத் தவிர.

கல்லூரியின் நாட்காட்டியும் நோயாளியின் நாட்காட்டியும்

2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, சமுதாய ஈடுபாட்டையும் தொண்டையும் மதிப்பெண் அலகுகளோடு கூடிய பாடங்களாக்க இடமளிக்கிறது. மதிப்பெண்ணுக்காகச் செய்வது தொண்டாகுமா என்ற பழைய வினா இதனால் மீண்டும் எழுந்துள்ளது. அதைவிட முதன்மையான வினா, மதிப்பெண் எதற்கு வழங்கப்படுகிறது என்பதே. செலவிட்ட மணிகளுக்கு வழங்கினால் மணிகள் நிரம்பும். கடந்த ஆண்டு நட்ட கன்றுகளில் இவ்வாண்டு உயிரோடிருப்பவை எத்தனை, சென்ற திங்களில் சென்ற வீட்டுக்கு இத்திங்களிலும் சென்றது யார் என்று கேட்டு வழங்கினால் பணியின் போக்கே மாறும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஓர் அலகில் 100 மாணவர் உள்ளனர். ஆண்டுக்கு ஆளுக்கு 120 மணி நேரமெனில் ஓர் அலகின் கையில் 12,000 மணி நேரம் இருக்கிறது. இருவர் இருவராகச் சென்றால், ஐம்பது வீடுகளுக்கு வாரந்தோறும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். கணக்களவில் இது ஒரு சிறு நகரத்தின் தேவையில் கணிசமான பங்கு.

நடைமுறையில் இடர் வேறிடத்தில் இருக்கிறது. கல்லூரிக்குத் தேர்வும் விடுமுறையும் உண்டு. நெடுநோய்க்கு அவை இல்லை. மாணவர் இரண்டாண்டில் திட்டத்தை முடிக்கிறார், மூன்றாம் ஆண்டில் பட்டம் பெற்று ஊர் திரும்புகிறார். வாரந்தோறும் வந்த ஒருவர் சொல்லாமல் நின்றுபோவது, எவருமே வராததைவிடப் படுக்கையில் இருப்பவருக்குத் துயரம் தரலாம். எனவே மாணவர் அலகு தனித்து இயங்காமல், அவ்வூரில் நிலையாக வாழ்வோரின் குழுவோடு இணைந்து இயங்குவதே பொருத்தம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஊரார் ஒருவரும் மாணவர் ஒருவரும் சேர்ந்து செல்லலாம். இரண்டாமாண்டு மாணவர் விலகுமுன் முதலாமாண்டு மாணவரை ஒரு மாத காலமேனும் உடன் அழைத்துச் சென்று அறிமுகம் செய்து வைக்கலாம். வருகைப் பதிவேடு கல்லூரி அலுவலகத்தில் மட்டுமன்றிச் செவிலியரிடமும் இருக்கலாம். இவற்றுக்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

திட்ட அலுவலர் கல்வியாண்டின் தொடக்கத்தில், சிறப்பு முகாமுக்குக் கிராமத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, வீடுகளின் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு வினாவுக்கு விடை எழுதிக்கொள்ளலாம்: தேர்வு நடக்கும் ஏப்ரல் மாதத்தில் இவ்வீடுகளுக்குச் செல்பவர் யார்?